பேட்டரி செத்த கேசட்

செவ்வாய்க்கிழமை காலை டிவி அலமாரியைத் துடைத்தபோது அடாப்டர் சூடாக இருந்தது.

பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றின் அடாப்டர் அது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கட்டி. பெட்டியை அணைத்திருந்தால் அலமாரிப் பலகையைப் போலவே குளிர்ந்து கிடக்கும். துணியோடு என் விரல் அதன் மேல் பட்டதும் நின்றுவிட்டேன். டிவி ஓடவில்லை. பெட்டியின் முகப்பில் இருக்கும் சிவப்பு விளக்கும் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. நகத்தால் அதன் ஓரத்தைத் தூக்கினேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டேப்பை இருந்தபடியே ஒட்டினேன். குளியலறையில் என் தம்பி குளிக்கும் சத்தம் கேட்டது. அலமாரியின் மற்ற தட்டுகளையும் வழக்கம்போலத் துடைத்து முடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். அன்று நாட்குறிப்பில் எழுத நிறைய இருந்தும் ஒரு வரிதான் எழுதினேன்: அடாப்டர் சூடு.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மனைவி குழந்தையோடு வருவதாக இருந்தாள். வந்து பார்த்து, பேசி, அவனோடு மறுபடி சேர்ந்து வாழ்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தாள். சரிப்பட்டால் அடுத்த மாதமே பொழிச்சலூரில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதாகப் பேச்சு.

அவன் எப்படி என் வீட்டுக்கு வந்தான் என்பதைச் சொல்ல வேண்டும். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பம்மலில் வாடகை வீடு. பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. சென்ற கோடையில் ஒரு மதியம் குழந்தை பொம்மையின் சட்டையை எடுக்க பால்கனிக்குப் போயிருக்கிறாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கத்திலிருந்து மட்டும் திறக்கிற பூட்டு. தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். குழந்தை கதவைத் தட்டியிருக்கிறாள், அழுதிருக்கிறாள், கடைசியில் நிழல் இருந்த மூலையில் உட்கார்ந்துவிட்டாள். எதிர் பிளாக்கில் துணி காயப்போட வந்த ஒரு அம்மாள் பார்த்துவிட்டு அவன் மனைவிக்கு போன் செய்தார். அவள் ஆபீசிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, பால்கனிக் கதவைத் திறந்து குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு வந்த பிறகும் அவன் திரும்பிப் பார்க்கவில்லையாம். ஆட்டத்தில் அவன் கட்டிக்கொண்டிருந்த பாலம் அடுத்த சுற்றில் முடிய இருந்தது.

குழந்தைக்கு ஒரு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். தேறிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பொழிச்சலூர் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் அவன் வேலையும் போனது. பம்மல் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டிகளோடு இரும்புலியூருக்கு என் வீட்டுக்கு வந்தான். என் கணவருக்கு ஓசூரில் வேலை, மாதத்தில் இரண்டு முறை வருவார். மகள் விடுதியில் படிக்கிறாள். வீட்டில் இடம் இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் வாரா வாரம் போனான். ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிட்டுப் பட்டன் போன் வாங்கிக்கொண்டான். மாலையில் பெருங்களத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். அவன் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை என்னிடம் போனில் சொன்னாள். பின்னால் ஒரு விமானம் போகிற சத்தம் அடங்கும்வரை நிறுத்தி, பிறகு சொன்னாள்.

“அவர் ஆடினார்ங்கறதைவிட, நான் கேட்டப்போ ஆடலன்னு சொன்னார் பாருங்க அண்ணி, அதுதான் எனக்குத் தாங்கல. பொய் சொல்லாம இருக்கட்டும். மத்ததைப் பாத்துக்கலாம்.”

இதற்கெல்லாம் நடுவில் நானும் ஆடுகிறவள்தான். எங்கள் உறவுக்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கை. ஐம்பதை நெருங்கும் பெண், ஒரு கம்பெனியின் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர், வீட்டில் கம்ப்யூட்டரில் சாம்ராஜ்யம் நடத்துகிறாள். நான் ஆடுவது சுற்றுக்குச் சுற்று நகரும் வியூக ஆட்டங்கள். ஊர்களைக் கட்ட வேண்டும், சாலை போட வேண்டும், படை நகர்த்த வேண்டும்; நான் நகர்த்தி முடித்த பிறகுதான் எதிரி நகர்வான். அவசரம் கிடையாது. “நீ ஆடறது செஸ் மாதிரி, மூளைக்கு நல்லது. உன் தம்பி ஆடறதுதான் பேஜார்” என்று பெரியப்பா ஒருமுறை சொன்னார். தம்பி ஆடியதும் அதே வகை ஆட்டம்தான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. துப்பாக்கி ஆட்டத்தில் செத்துவிட்டால் ஒரு மூச்சு விடும் இடைவெளி கிடைக்கும். வியூக ஆட்டத்தில் அந்த இடைவெளியே இல்லை. ஒவ்வொரு சுற்றும் முடியும்போது இன்னும் முடியாத ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அடுத்த சுற்றில் பாலம் முடியும். அதற்கடுத்ததில் தூதர் திரும்பி வருவார். எழுந்துகொள்ள நியாயமான நேரம் என்று எதுவும் வராது.

நான் எழுந்துவிடுவேன். சமையலறையில் குக்கர் வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். விசில் வந்தால் சேமித்து மூடிவிடுவேன். எங்கள் வீட்டில் எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசமாக எல்லோரும் சொன்னது இதைத்தான். நானும் நம்பியிருந்தேன்.

அந்த மாதம்தான் நான் பல வருடங்களாக ஆடும் ஆட்டத்தின் அடுத்த பாகம் வந்திருந்தது. வியூக ஆட்டங்களில் அடுத்த பாகம் என்றாலே கூச்சல்தான். பழைய பாகத்தில் நமக்குக் கைவந்த ஒன்றை எடுத்துவிடுவார்கள். இந்த முறை எடுத்தது விசுவாசத்தை. முன்பெல்லாம் ஒரு ஊரைப் பிடித்தால், கொஞ்சம் பொன்னும் தானியமும் அனுப்பினால் போதும், அடுத்த சுற்றிலேயே அது நம் ஊராகிவிடும். புதிய பாகத்தில் ஊர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. என்ன கொடுத்தாலும் விசுவாசம் ஏறாது. ஒன்றும் செய்யாமல், படையை வெளியே நிறுத்தி, சுற்றுகளைக் கழிய விட வேண்டும். அப்போதுதான் மெல்ல ஏறும். ஆட்டக்காரர்களின் குழுக்களில் திட்டித் தீர்த்தார்கள். எனக்கும் முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலாகத்தான் இருந்தது.

என் அறையைப் பூட்டிவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல்லும் உண்டு. தம்பி ஒரே ஒரு முறை கேட்டான். தோசையைப் பிய்த்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி.

“புதுப் பார்ட்ல என்னக்கா மாத்திருக்காங்க?”

“சட்னி போதுமா?” என்றேன்.

“சும்மாதான் கேட்டேன்.”

“நானும் சும்மாதான் கேட்டேன்.”

சிரித்தான். அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஹாலில் இருந்த பழைய பெட்டியைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. பழைய பெட்டிகளைத் தேடி வாங்கிச் சரிசெய்து வைப்பது எனக்குப் பழக்கம், மூன்று இருக்கின்றன. கேசட்டைச் செருகி, டிவியில் மாட்டி ஆடுகிற காலத்துப் பெட்டிகள். அவற்றில் நெட் கிடையாது, தரவரிசை கிடையாது, தினமும் வா என்று கூப்பிடும் பரிசு கிடையாது. முக்கியமாக, சேமிக்க முடியாது. அணைத்தால் ஆட்டம் போயிற்று. குழந்தை வரும்போது அரை மணி நேரம் அப்பாவும் மகளுமாக ஹாலில் உட்கார்ந்து ஆடட்டும் என்று ஆலோசகரே ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு பெட்டியை டிவியோடு இணைத்து வைத்தேன்.

கேசட்டுகளில் ஒன்று மட்டும் வியூக ஆட்டம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட நீண்ட ஆட்டங்களின் கேசட்டுக்குள் ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரு காசு அளவு பேட்டரியை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். இந்தக் கேசட்டின் பேட்டரி என்னிடம் வருவதற்கு முன்பே செத்துவிட்டது. மாற்றத் தெரியும், சால்டரிங் கருவி என்னிடமே இருக்கிறது. வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருந்தேன். முடிக்க நாள்கணக்கில் ஆகும் ஆட்டம், சேமிக்கவும் வழியில்லை. இதை யார் ஆடப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆட்டக்காரி மட்டுமே போடக்கூடிய கணக்கு. ஆட்டமே தெரியாத யாராவது இருந்திருந்தால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள்.

சேமிக்க முடியாவிட்டால் அணைக்காமல் விட்டுவிடலாம் என்பது எனக்குத் தெரியாததில்லை. டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை ஓட விடுவது. உள்ளே ஆட்டம் அப்படியே நிற்கும். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூட நாட்களில் செய்ததுதான்.

ஆலோசகருக்கு ஆபீசிலிருந்து போன் செய்தேன். அடாப்டரைப் பற்றிச் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோல, எதையாவது பார்த்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“நீங்க வார்டன் ஆகிடாதீங்க மேடம்” என்றார். “நீங்க கண்டுபிடிச்சா, அடுத்த தடவை அவர் இன்னும் நல்லா ஒளிப்பார். அவரே சொல்ற மாதிரி ஒரு வழி விட்டு வைங்க.”

புதன்கிழமை மாலை நான் வந்தபோது அவன் டியூஷனுக்குப் போயிருந்தான். கைகால் கழுவாமல் டிவியைப் போட்டேன். பழைய பெட்டிக்கான இணைப்பில்தான் அது திறந்தது. திரை முழுக்க வரைபடம். நடுவில் ஆறு, இரண்டு பாலங்கள். எதிரியிடம் ஐந்து ஊர்கள் மிச்சம். இவன் கிழக்குப் பாலத்தைக் காவல் இல்லாமல் விட்டிருந்தான். முதலில் கவனக்குறைவு என்று நினைத்தேன். பிறகு காட்டுக்குள் நிறுத்தியிருந்த குதிரைகளைப் பார்த்தேன். எதிரி பாலத்தைத் தாண்டட்டும் என்று காத்திருக்கிறான். அழகாக இருந்தது. ஒரு வருடத்தில் அவன் செய்த வேறு எதிலும் இந்தப் பொறுமையை நான் பார்க்கவில்லை.

ஆனால் வடக்கில் ஒரு கோட்டையை விட்டுவைத்திருந்தான். அதிலிருந்து படை இறங்கினால் காட்டுக்குள் இருக்கும் குதிரைகள் மாட்டிக்கொள்ளும். ஈட்டிப்படை ஒன்றை ஒரு கட்டம் மேலே நகர்த்தினால் சரியாகிவிடும். ஒரு கட்டம்தான்.

என் கையில் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. கீழே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. கருவியை, ஒயர் சுருண்டிருந்த விதம் மாறாமல், எடுத்த இடத்தில் வைத்தேன். டிவியை அணைத்தேன்.

அன்றிரவு சாப்பிடும்போது, “பகல்ல எப்படிடா பொழுது போகுது?” என்று கேட்டேன். வழி விட்டு வைப்பது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

“பசங்களுக்குக் கணக்குத் தாள் போடறேன். கொஞ்சம் தூங்கறேன்.”

“போர் அடிக்கலயா?”

“அடிக்குது. அடிக்கட்டும்னு அந்த கவுன்சிலர் மேடம் சொல்லியிருக்காங்க.”

அன்று காலை எழுந்தது முதல் அவன் சொன்னதில் அது மட்டும்தான் முழு உண்மையாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை குடியிருப்பு வாட்ஸப் குழுவில் தகவல் வந்தது. மறுநாள் பராமரிப்புப் பணி, காலையிலிருந்து மதியம்வரை கரண்ட் இருக்காது. அதைப் படித்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. யாரும் யாரையும் பிடிக்க வேண்டாம், யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கரண்ட் போகும், ஆட்டம் அழியும், அவன் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மாலை வந்து செருப்பைக் கழற்றியதும் அலமாரிக்குத்தான் போனேன். அடாப்டர் கொதித்தது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அலமாரிக்குப் பின்னால் இறங்கி, சுவரோரமாக சோபாவின் அடியில் ஓடி, பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிந்தது. அந்த பாக்ஸ் இன்வெர்ட்டர் பாயிண்டில் செருகியிருந்தது. எங்கள் வீட்டில் மின்விசிறி, விளக்கு தவிர இன்வெர்ட்டரில் ஓடும் ஒரே பாயிண்ட் அதுதான், ரவுட்டருக்காக வைத்தது. மடிப்பு இல்லாமல், கால் தடுக்காமல், டேப் போட்டு ஒட்டி, அவ்வளவு நேர்த்தியாக ஒயரை இழுத்திருந்தான்.

டியூஷன் முடிந்து வந்ததும் கேட்டேன். குரல் சாதாரணமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

“பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒயர் எதுக்குடா?”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்தான். பாட்டிலை மூடினான்.

“ரவுட்டருக்குக்கா. காலைல கரண்ட் இல்லல்ல, லூசா இருந்துச்சு. அதான்.”

என் வீட்டுக்கு வந்த பிறகு அவன் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பொய் அது. அவன் மனைவி வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரே ஒன்றும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவன் வாயைத் திறக்க வேண்டும், அல்லது நான் திறக்க வேண்டும். சனிக்கிழமை முழுதும் வீட்டிலேயே இருந்தேன். அவனும் இருந்தான். நான் ஹாலை விட்டு நகரவில்லை, அவன் டிவி பக்கம் போகவில்லை. அடாப்டர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. ஒருமுறை சமையலறைக்குப் போய்த் திரும்பியபோது அவன் அலமாரியைப் பார்த்தபடி நின்றிருந்தான். என்னைக் கண்டதும் நாளிதழை எடுத்துக்கொண்டான்.

“என்கிட்ட ஏதாவது சொல்லணுமாடா?”

“நாளைக்கு உருளைக்கிழங்கு வாங்கணும்க்கா. பாப்பாவுக்குப் பிடிக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவாக்கில் அவர்கள் வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. தம்பியின் மனைவி வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“இன்னும் லிஃப்டைச் சரி பண்ணலயா அண்ணி? உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா ஜிம்முக்கு லீவு விட்டுடலாம்.”

குழந்தை நேராக அவனிடம் ஓடவில்லை. அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்பா, நீ எளச்சிட்ட.”

“அத்தை சோறே போடறதில்ல.”

“பொய்” என்றாள் குழந்தை.

“ஆமா, பொய்” என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டான். அவன் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

சாப்பாடு நன்றாகத்தான் போனது. உருளைக்கிழங்கு வறுவலைக் குழந்தை தனியாகத் தட்டில் வாங்கிக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்கள். பொழிச்சலூரில் பார்த்து வைத்திருக்கும் ஒரு வீட்டைப் பற்றி அவன் மனைவி சொன்னாள். மாடிப் போர்ஷன், தண்ணீர் உண்டு. “ஃப்ளைட் போறப்போ பாத்திரமெல்லாம் ஆடும். அதுக்கு வாடகையைக் குறைங்கன்னு கேட்டேன், அந்த ஓனர் சிரிக்கறார்” என்றாள். நிறைய நாள் கழித்து அவள் அவனைப் பார்த்துப் பேசினாள்.

“டியூஷன்ல பசங்க பயப்படறாங்களா உங்களுக்கு?”

“எங்க? ‘சார், நீங்க எந்த கேம் ஆடுவீங்க’ன்னு கேக்கறானுங்க.”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இப்போ ஆடறதில்லடான்னு சொன்னேன்” என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு.

அவள் தலையாட்டினாள். முகம் இளகியது. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

முதலில் சாப்பிட்டு முடித்தது குழந்தை. கையைக் கழுவிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். ரிமோட்டை எடுத்துக்கொண்டு சோபாவில் ஏறியது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது.

“அத்தை, டிவி போடட்டா?”

போட்டால் எந்தத் திரை வரும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் வாயில் போட்ட சோற்றை மெல்லவில்லை.

“வேணாம் கண்ணு” என்றேன். “கேபிள் வரல.”

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. குழந்தை ரிமோட்டைக் கீழே வைத்தாள். தம்பி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவனுக்கு அந்த நொடியில் புரிந்தது. அதோடு, அவனுக்காக ஆறு வயதுக் குழந்தையிடம் நான் பொய் சொன்னதையும் அவன் கேட்டிருந்தான். முகம் எப்படியோ ஆகிவிட்டது.

எழுந்தான். கை கழுவவில்லை. ஹாலுக்குப் போய், இடது கையால் ரிமோட்டை எடுத்து, டிவியைப் போட்டான்.

வரைபடம் வந்தது. கூடவே அந்தச் சின்னக் கீச்சுக்குரல் இசை.

“ஹை, கேம்” என்றாள் குழந்தை.

அவன் மனைவி சாப்பாட்டு மேஜையிலிருந்தே பார்த்தாள். பிறகு அவன் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“இது திங்கக்கெழமைலேர்ந்து ஓடிட்டிருக்கு. ஆஃப் பண்ணா போயிடும்னு பண்ணல. கரண்ட் போனாலும் நிக்கக் கூடாதுன்னு ஆரம்பிக்கறப்பவே இன்வெர்ட்டர்ல போட்டுட்டேன். லைட்டுல டேப் ஒட்டினேன். பகல்ல ஆடறேன். பசங்ககிட்ட ஆடறதில்லன்னு சொன்னது, உன்கிட்ட இப்போ சொன்னது, எல்லாம் பொய்.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன் நான். “செவ்வாக்கெழமைலேர்ந்து.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து போய் அவனுக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை. ஆட்டத்தில் எதிரிக்கு இரண்டே ஊர்கள்தான் பாக்கி. புதன்கிழமை நான் பார்த்ததில் மூன்றைப் பிடித்துவிட்டிருந்தான். வடக்குக் கோட்டையிலிருந்து படை இறங்கியிருந்தது. குதிரைகள் பாதிதான் இருந்தன.

“இன்னும் எவ்ளோ இருக்கு?”

“ரெண்டு ஊரு. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்.”

“முடிச்சா விட்டுடுவீங்களா?”

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விட்டுவிடுவேன் என்று அவன் சொல்லாததுதான் அன்று நடந்ததிலேயே எனக்கு நம்பிக்கை தந்த விஷயம்.

“இப்போ ஆஃப் பண்ண முடியுமா?”

“ஒரு நிமிஷம் குடு.”

“அந்த ஒரு நிமிஷம்தான் நம்ம வீட்ல எப்பவும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அவன் அலமாரியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பெட்டியின் மேலிருந்த பட்டனில் விரலை வைத்தான். நான் போய் இன்வெர்ட்டரை அணைத்துவிடலாம், நாலு எட்டுதான். அப்படிச் செய்துவிடக் கூடாது என்று மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் கண் திரையில் இருந்தது. தெற்கே ஒரு படகு சும்மா நின்றிருந்தது. அந்தப் படகை அவன் பார்த்தானா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டன் விழுந்த சத்தம் கேட்டது. திரை நீலமாகிவிட்டது.

“ஜெயிச்சிட்டியாப்பா?” என்று கேட்டாள் குழந்தை.

“இல்ல.”

“தோத்துட்டியா?”

“இல்லடா. நிறுத்திட்டேன்.”

“அதெப்படி?” என்றாள். அவளுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

அவன் கை கழுவப் போனான். குழாய் வெகுநேரம் ஓடியது. அவன் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். சிங்கில் வைத்துவிட்டு, தண்ணீரைத் திறக்காமல் நின்றாள்.

“கேபிள் வரலன்னு எதுக்கு அண்ணி சொன்னீங்க?”

“அவனே சொல்லட்டும்னு...”

“என் குழந்தைகிட்ட சொன்னீங்க.”

“ஆமா.”

“உங்க ரூம்ல நீங்க ஆடறதும் இதே ஊரு, பாலம், படைதானே?”

“இதேதான்.”

“உங்களால நிறுத்த முடியும்னு எல்லாரும் சொல்றாங்க. நிறுத்திப் பாத்திருக்கீங்களா?”

பதில் இருப்பதாக நினைத்து வாயைத் திறந்தேன். குக்கர் விசில் வந்ததும் எழுந்துவிடுகிறேன் என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சேமித்துவிட்டு எழுகிறேன். எதையும் இழந்துவிட்டு எழுந்ததில்லை. அவன் இப்போது செய்ததை நான் ஒருநாளும் செய்ததில்லை.

“இல்ல” என்றேன்.

அவள் தண்ணீரைத் திறந்தாள். சாயந்திரம் கிளம்பும்போது வாசலில் நின்று, எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள். “வீடு பாக்கறது இப்போ வேணாம். அடுத்த ஞாயிறு அவர் எங்க வீட்டுக்கு வரட்டும். சாப்பிட்டுட்டு சாயந்திரம் திரும்பட்டும். அதுக்கடுத்த வாரம் அப்புறம் பாக்கலாம்.” குழந்தை படியில் இறங்கிக்கொண்டே மேலே பார்த்துக் கையாட்டினாள். அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர்கள் தெரு திரும்பும்வரை பார்த்தான்.

திங்கட்கிழமை பெட்டியையும் கேசட்டுகளையும் அவனே துணியில் சுற்றி, டேப் ஒட்டி, என்னிடம் கொடுத்தான். ஆபீசில் என் மேஜையின் கீழ் இழுப்பறையில் பூட்டி வைத்தேன். வீட்டில் என் கம்ப்யூட்டரை அந்த வாரம் திறக்கவில்லை. சபதம் ஒன்றும் இல்லை. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைவரை கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை ஆபீசுக்குப் போகும்போது மின்சார ரயிலில் சானடோரியத்தில் இறங்குவதற்குப் பதிலாகப் பல்லாவரம்வரை போய்விட்டேன். வழியெல்லாம் புதிய பாகத்தில் நான் சுற்றி வளைத்து நிறுத்திவிட்டு வந்த ஒரு ஊரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மசாலா டப்பாக்களை இரண்டு முறை அடுக்கினேன். தம்பி பார்த்தான். எனக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு ஜி.எஸ்.டி. சாலை பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். பல்லாவரம் போய் மாற வேண்டும். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். கையில் குழந்தைக்கு வாங்கிய கலர் பென்சில் பெட்டி. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“அக்கா.”

“என்னடா?”

“அந்தக் கடைசி ரெண்டு ஊரை நீயா இருந்தா எப்படிப் பிடிச்சிருப்ப?”

தெற்கே நின்ற படகு என் கண் முன்னால் அப்படியே இருந்தது. அதில் ஈட்டிப்படையை ஏற்றி, ஆற்றைச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்கமாக இறக்க வேண்டும். ஒரு வாரமாக, சமைக்கும்போதும் ரயிலிலும், அதைப் பல தடவை பிடித்துவிட்டேன்.

“தெரியும்” என்றேன். “சொல்ல மாட்டேன்.”

அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பென்சில் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டான். பல்லாவரம் பஸ் வந்தது, கூட்டமாக. படியில் ஏறி, உள்ளே இடம் பிடித்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நீ போ என்பதுபோல ஆட்டினான். நான் போகவில்லை. பஸ் சிக்னலைத் தாண்டும்வரை நின்றேன். வீட்டுக்குப் போனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சாயந்திரம்வரை காத்திருக்க வேண்டும்.